எஸ்.ஐ. மூட்டு ஃப்யூஷன்: கேட்காமல் விட்ட கேள்விகளுக்குப் போன நாலு வருஷம்

மாடிப்படியில் கால் வழுக்கி, வலது பிட்டம் அடிபடும்படி உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். எழுந்து நடந்தேன், மறுநாள் வேலைக்கும் போனேன். நாலைந்து நாள் கழித்து இடுப்புக்குக் கீழே வலப்பக்கம், முதுகில் குழி விழுமே, அந்த இடத்தில் ஒரு வலி பிடித்தது. அன்றிலிருந்து அந்த வலிக்குச் சரியான ஆபரேஷன் நடக்க 46 மாதம் ஆனது. அதற்கு நடுவில் இரண்டு ஆபரேஷன் செய்துகொண்டேன், இரண்டும் பலன் தரவில்லை. சேமிப்பில் பெரும்பகுதி போனது, சம்பளமில்லா விடுப்பிலேயே மொத்தமாகப் பத்து மாதம் கழிந்தது. தனியாக வாழ்கிறவள் நான். ஒவ்வொரு முடிவையும் இரவு இரண்டு மணிக்கு வலியோடு படுத்துக்கொண்டு நானே எடுத்தேன். இந்த மூட்டைப் பற்றி விவரமாகச் சொல்ல ஒருவர் கிடைக்க மாட்டாரா என்று அப்போது தவித்திருக்கிறேன். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எனக்கு நடந்ததையும், அதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே சொல்கிறேன்.

முதலில் இந்த மூட்டு எது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கே விழுந்து இரண்டு வருஷம் ஆகும் வரை இப்படி ஒன்று இருப்பது தெரியாது. முதுகெலும்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் திரிக எலும்பும், இரண்டு பக்கமும் சிறகுபோல விரியும் இடுப்பெலும்பும் சேரும் இடம்தான் சாக்ரோஇலியாக் மூட்டு. சுருக்கமாக எஸ்.ஐ. மூட்டு. வலது, இடது என்று இரண்டு உண்டு. முழங்கால் மாதிரி மடங்கி நீளும் மூட்டு இல்லை இது. மொத்த அசைவே சில டிகிரிதான். ஆனால் மேல் உடம்பின் பாரம் முழுவதும் இதன் வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது. கீழே விழுந்த அடி, பிரசவம், ஏற்கனவே கீழ்முதுகில் செய்த, எலும்புகளை அசையாமல் ஒன்றாக இணைக்கும் ஃப்யூஷன் ஆபரேஷன் இவையெல்லாம் இந்த மூட்டைக் கெடுக்கலாம். நாள்பட்ட கீழ்முதுகு வலியில் 15 முதல் 30 சதவீதம் வரை இதிலிருந்து வருவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அவ்வளவு இருந்தும் என்னைப் பார்த்த முதல் நாலு மருத்துவர்களில் ஒருவர்கூட அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கவில்லை.

எனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கீழ்முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் மெத்தையாக இருக்கும் எல்4-எல்5 டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அந்த ஒரு வரி என் 19 மாதத்தை விழுங்கியது. டிஸ்க்குக்கு பிசியோதெரபி, டிஸ்க்குக்கு மாத்திரை, முதுகெலும்பில் இரண்டு முறை ஸ்டீராய்டு ஊசி, கடைசியில் டிஸ்க்கைச் செதுக்கி எடுக்கும் ஆபரேஷன், அப்புறம் அதிலிருந்து தேறுவதற்கு ஐந்து மாதம். தையல் ஆறியது, வலி இருந்த இடத்திலேயே இருந்தது. 40 வயதில் வலியே இல்லாதவர்களை வரிசையாக எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருக்கும் என்பதைப் பின்னால்தான் படித்தேன். படித்த அன்று கோபத்தில் அழுதேன். என் வலி டிஸ்க் வலி மாதிரியே இருக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே அதிகம் இறங்காது. நடப்பதைவிட உட்காருவது மோசம். படுக்கையில் புரளும்போதும், காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்து எழும்போதும் கத்தியால் குத்துகிற மாதிரி இருக்கும். இரண்டு வருஷம் இடது பிட்டத்தில் மட்டும் பாரத்தைக் கொடுத்து உட்கார்ந்ததில் என் நாற்காலியின் இடப்பக்க மெத்தை மட்டும் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. இதையெல்லாம் நான் சொன்னேன். எம்.ஆர்.ஐ. படம் என்னைவிடச் சத்தமாகப் பேசியது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது ஒரு இளம் பிசியோதெரபிஸ்ட். "வலி எங்கேன்னு ஒரே ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க" என்றார். காட்டினேன். "இன்னொரு தடவை." அதே இடத்தைத் தொட்டேன். பின்னிடுப்பில் மேடாகத் தட்டுப்படும் எலும்பு முனைக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக. பிறகு என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, வலது காலை மடக்கித் தொடையை நிமிர்த்தி நிறுத்தி, முழங்காலில் இரண்டு கையையும் வைத்து நேர் கீழாக அழுத்தினார். கத்திவிட்டேன். அடுத்தது, கட்டிலின் ஓரத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டு மற்றதை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது. ஒருக்களித்துப் படுக்க வைத்து இடுப்பை அமுக்குவது. குப்புறப் படுக்க வைத்துத் திரிக எலும்பை அமுக்குவது. இடுப்பின் இரண்டு முன்முனைகளையும் விரித்துத் தள்ளுவது. இந்த ஐந்தில் குறைந்தது மூன்று சோதனை வலியைக் கிளப்பினால் எஸ்.ஐ. மூட்டைச் சந்தேகப்படலாம் என்பது கணக்கு. எனக்கு நாலு. மொத்தமே பத்து நிமிஷம், எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. பின்னிடுப்பு வலியோடு யாரைப் பார்க்கப் போனாலும் இந்தச் சோதனைகளைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்க் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் கட்டாயம் கேளுங்கள்.

ஆனால் சோதனை சந்தேகத்தைத்தான் தரும், உறுதி தருவது ஊசி. மூட்டுக்குள் மரப்பு மருந்தைச் செலுத்தி, வலி போகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேயும் நான் ஒருமுறை ஏமாந்தேன். பிசியோதெரபிஸ்ட் சொன்னதும் அவசரப்பட்டு ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டேன். அங்கிருந்த மருத்துவர் எக்ஸ்ரே எதுவும் பார்க்காமல், கையால் தடவிப் பார்த்துக் குத்தினார். வலி துளியும் குறையவில்லை. "அப்ப உங்களுக்கு எஸ்.ஐ. இல்லைங்க" என்றார். நானும் நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்தேன். இந்த மூட்டு தோலுக்கு மிக ஆழத்தில் வளைந்து வளைந்து போகிறது, உள்ளே கொள்ளுவதே ஒன்றிரண்டு மில்லி திரவம். படம் பார்க்காமல் போடும் ஊசி பெரும்பாலும் மூட்டுக்குள் போவதில்லை. எக்ஸ்ரே அல்லது சி.டி. திரையில் பார்த்தபடி, சாயம் விட்டு மூட்டுக்குள்தான் இருக்கிறோம் என்று உறுதி செய்துகொண்டு போடும் ஊசிதான் கணக்கு. அப்படிப் போட்டுக்கொண்ட நாளை நான் மறக்க மாட்டேன். பத்துக்கு எட்டில் இருந்த வலி அரை மணியில் ஒன்றுக்கு வந்தது. மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து, குனிந்து, வலது ஷூவின் லேஸை நானே கட்டினேன். இரண்டு வருஷத்தில் முதல் முறை. கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினேன். நாலு மணி நேரத்தில் வலி திரும்பி வந்துவிட்டது, மருந்தின் வேலை அவ்வளவுதான். ஆனால் எதிரி யாரென்று தெரிந்துவிட்டது.

ஊசி போட்ட அன்று ஒரு தாளில் அரை மணிக்கு ஒருமுறை வலியின் அளவை எழுதுங்கள். வழக்கமாக வலியைக் கிளப்பும் காரியங்களை வேண்டுமென்றே செய்து பாருங்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் அந்த ஊசி வீண். பாதிக்கு மேல் குறைந்தால் அறிகுறி நல்லது, முக்கால்வாசி குறைந்தால் இன்னும் நல்லது. முடிந்தால் வேறொரு நாளில் இன்னொரு முறையும் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஒரே ஒரு ஊசி தற்செயலாகவும் ஏமாற்றும். இன்னொன்று, கால் வலி கழுத்து வலி என்று வேறு மூட்டுகளும் சேர்ந்து படுத்தினால், காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் உடம்பு இறுகிக் கிடந்தால், மூட்டழற்சி நோயா என்று ரத்தப் பரிசோதனையும் எஸ்.ஐ. மூட்டுக்கென்றே எடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் பார்க்க வேண்டும். அந்த நோய்க்கு மருந்துதான் வழி, எலும்பை இணைப்பது இல்லை.

அடுத்த ஒன்பது மாதம் கத்தியில்லாத வழிகள். இடுப்புப் பட்டை, பிட்டத் தசைக்கான பயிற்சி, ஸ்டீராய்டு ஊசி, மூட்டிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புக் கிளைகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்யும் ரேடியோ அலைச் சிகிச்சை. அந்தச் சிகிச்சை எனக்கு ஆறேழு மாதம் ஓரளவு நிம்மதி கொடுத்தது. நரம்பு மறுபடி வளர்ந்ததும் வலி வந்தது. இதில் எதையும் வீண் என்று சொல்ல மாட்டேன். பலருக்கு இங்கேயே தீர்ந்துவிடுகிறது, தீராதவர்களுக்குத்தான் ஃப்யூஷன். குறைந்தது ஆறு மாதமாவது இவற்றைச் செய்து பார்க்காமல் ஃப்யூஷன் பேசுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். மூன்று பேரும் "எஸ்.ஐ. மூட்டு ஃப்யூஷன்" என்ற ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். மூவரும் சொன்னது மூன்று வெவ்வேறு ஆபரேஷன். அது எனக்கு அன்று உறைக்கவில்லை, வேறு வேறு கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொருவரும் தனக்குக் கைவந்த முறையைத்தான் சொன்னார், மற்ற இரண்டும் ஏன் எனக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூவரில் வயதானவர் ஒருவர் திறந்த முறை ஆபரேஷன் சொன்னார். மூட்டைத் திறந்து, குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, எலும்புத் துண்டு வைத்து, தகடும் திருகும் போட்டு இறுக்குவது. முன்வழியாக அடிவயிற்றுப் பக்கமிருந்தும் போகலாம், பின்வழியாகவும் போகலாம். ஸ்மித்-பீட்டர்சன் என்ற எலும்பு மருத்துவர் இந்த மூட்டை இணைப்பதற்கான வழியை 1921இலேயே எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவு பழைய ஆபரேஷன் இது. மூட்டைக் கண்ணால் பார்த்து, உண்மையிலேயே எலும்போடு எலும்பை ஒட்ட வைப்பது இதன் பலம். முன்வழியில் போனால், கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் எல்5 நரம்பு மூட்டுக்கு மிக அருகில் ஓடுகிறது, தொடைக்குப் போகும் தோல் நரம்பும் இழுபடலாம். திறந்த முறையையும் சிறு துளை முறையையும் ஒப்பிட்டு 263 பேரின் விவரங்களோடு 2013இல் ஒரு ஆய்வு வந்தது. திறந்த முறைக்குச் சராசரியாக 163 நிமிஷம், சிறு துளைக்கு 70. ரத்த இழப்பு 288 மில்லிக்கு எதிரே 33. மருத்துவமனையில் தங்கியது ஐந்து நாளுக்கு எதிரே ஒன்றேகால் நாள். இன்று திறந்த முறை பெரும்பாலும் எலும்பு முறிவு, கட்டி, தொற்று, முந்தைய ஃப்யூஷன் தோற்றது போன்ற சிக்கல்களுக்குத்தான் வருகிறது. எனக்கு அது தேவையில்லை என்ற முடிவில் இன்றும் மாற்றமில்லை.

இரண்டாமவர் பக்கவாட்டு முறை. பிட்டத்தின் ஓரத்தில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, இடுப்பெலும்பின் வெளிப்புறத்திலிருந்து மூட்டைக் குறுக்காகக் கடந்து திரிக எலும்புக்குள் போகும்படி, பெரும்பாலும் மூன்று டைட்டானியம் இம்ப்ளான்ட்டுகளை, அதாவது உடம்புக்குள்ளேயே இருக்கப் போகும் உலோகத் துண்டுகளை, அறைவது. முக்கோண வடிவத்திலும் உண்டு, மரையுள்ள திருகு வடிவத்திலும் உண்டு. முக்கோணம் சுழலாது, அதுதான் அந்த வடிவத்தின் நோக்கம். மூட்டு அன்றைக்கே அசையாமல் நிற்கும், எலும்பு அந்த உலோகத்தின் மேல் மெதுவாக வளர்ந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் பல வாரம் ஊன்றுகோல். மூன்றாமவர் வலி நிபுணர், பின்வழி முறை சொன்னார். முதுகுப்புறமிருந்து ஒரு குழாய் வழியாக, பதப்படுத்திய தான எலும்பில் செதுக்கிய ஆப்பு ஒன்றை இரண்டு எலும்புக்கும் நடுவில் சொருகுவது. காலையில் போனால் சாயந்திரம் வீடு, முழு மயக்கம் வேண்டாம், மறுநாளே நடக்கலாம், ஊன்றுகோல் இல்லை.

ஊன்றுகோல் இல்லை என்ற ஒரே சொல்லுக்காகப் பின்வழி முறையைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாத எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. காப்பீட்டு நிறுவனம் இந்த முறைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பணம் மறுத்தது. அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்காமல் கையிலிருந்து கட்டினேன். முதல் மூன்று மாதம் வலி பாதியாகக் குறைந்தது, எல்லோருக்கும் போன் பண்ணிச் சொன்னேன். நாலாம் மாதம் பழைய குத்தல் எட்டிப் பார்த்தது. ஆறாம் மாதம் முழுதாக வந்துவிட்டது. பத்தாம் மாதம் எடுத்த சி.டி. ஸ்கேனில் ஆப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு. எலும்பு பாலம் போடவே இல்லை.

அந்த சி.டி. படத்தை வைத்துத்தான் எனக்கு முதல் முறையாக ஒருவர் பாடம் நடத்தினார். இந்த மூட்டுக்கு இரண்டு பகுதி. முன்னால், கீழே இருப்பது குருத்தெலும்பு மூடிய உண்மையான மூட்டு. பின்னால், மேலே இருப்பது தடித்த தசைநார்கள் நிறைந்த இடைவெளி. பின்னாலிருந்து வரும் ஆப்பு பலருக்கும் அந்தத் தசைநார் இடைவெளியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு அப்படித்தான். இரண்டு எலும்பையும் குறுக்கே கோத்துப் பிடிக்க அதில் எதுவும் இல்லை, அழுத்தமாகச் செருகியிருப்பது மட்டும்தான் பிடிமானம். இதனால் நலமானவர்களும் இருக்கிறார்கள், பிசியோதெரபிக்கு வரும் ஒரு முதியவர் இதே ஆப்போடு நன்றாக நடக்கிறார். அவருக்கு எலும்புத் தேய்மானம், பெரிய ஆபரேஷனுக்கு இதயம் தாங்காது, அவருக்கு இது பொருந்தியது. எனக்கு மூட்டுத் தசைநாரே அடிபட்டு மூட்டு தளர்ந்திருந்தது. தளர்ந்த மூட்டைக் குறுக்கே பிடிக்காமல் ஆப்பு மட்டும் வைத்தால் நிற்குமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். எந்த முறையைச் சொன்னாலும் இதைக் கேளுங்கள்: வைக்கப் போகிற பொருள் மூட்டைக் கடந்து இரண்டு எலும்பிலும் பிடிக்குமா, இல்லை நடுவில் மட்டும் இருக்குமா? குருத்தெலும்பைச் சுரண்டுவீர்களா? எலும்புத் துகள் வைப்பீர்களா? ஒட்டியதா என்று எப்போது, எந்த ஸ்கேனில் பார்ப்பீர்கள்? ஒட்டாவிட்டால் வைத்ததை எப்படி எடுப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் தயங்கி வந்தால் கவனியுங்கள்.

இந்த முறை அவசரப்படவில்லை. பக்கவாட்டு முறை சொன்னவரிடம் போகும் முன் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 148 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஆறு மாதத்தில் முக்கோண இம்ப்ளான்ட் வைத்தவர்களில் 81 சதவீதம் பேருக்குப் பலன், ஆபரேஷன் இல்லாத சிகிச்சை பெற்றவர்களில் 24 சதவீதம். இம்ப்ளான்ட் தயாரித்த நிறுவனமே செலவு செய்த ஆய்வு, யாருக்கு என்ன செய்தார்கள் என்று நோயாளிக்கும் தெரியும். பிறகு 2024இல் வெளியான இன்னொன்று என் தூக்கத்தைக் கெடுத்தது. சுவீடனிலும் நார்வேயிலும் 63 பேர். பாதிப் பேருக்கு உண்மையான ஆபரேஷன், மீதிப் பேருக்குத் தோலைக் கீறித் தைத்தது மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து இரண்டு குழுவிலும் வலி குறைந்திருந்தது, இரண்டுக்கும் நடுவே பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. அதை அச்செடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். "டாக்டர், இதைப் படிச்சிட்டும் எனக்கு செய்யச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "படிச்சிருக்கேன்மா. அதனாலதான் உங்களுக்கு மறுபடியும் ரெண்டு ஊசி போட்டுப் பார்க்காம நான் தேதி கொடுக்க மாட்டேன். ரெண்டுலயும் முக்கால்வாசி குறையலைன்னா ஆபரேஷன் இல்லை. குறைஞ்சாலும் வலி பூஜ்யமாகும்னு எதிர்பார்க்காதீங்க" என்றார். நான் முடிவெடுத்தது அந்தப் பதிலால்தான். ஊசியில் இரண்டு முறையும் எண்பது சதவீதம் குறைந்தது.

அவர் செய்த இன்னொரு காரியமும் முக்கியம். ஆபரேஷனுக்கு முன்பே இடுப்புக்கு சி.டி. எடுத்து, திரிக எலும்பின் வடிவத்தைப் பார்த்தார். சிலருக்குப் பிறவியிலேயே அதன் மேல்பகுதி சரிந்து, முதல் இம்ப்ளான்ட் போகும் வழி குறுகலாக இருக்கும். எனக்கும் கொஞ்சம் அப்படி. எந்த இம்ப்ளான்ட் எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்று முன்கூட்டியே அளந்து வைத்தார், ஏனென்றால் ஒரு சென்டிமீட்டர் கூடிப்போனால் அது நரம்பு வெளியேறும் துளையைத் தொட்டுவிடும். இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், மறு ஆபரேஷன் எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது, ஆபரேஷன் நடக்கும்போதே கணினித் திரையில் வழிகாட்டும் நேவிகேஷன் பயன்படுத்துவீர்களா என்று கேட்டேன், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வைட்டமின் டி அளவு பார்த்தார். புகைப்பவர்களுக்கு எலும்பு ஒட்டுவது தாமதமாகும் என்பதால் நிறுத்திய பிறகே தேதி கொடுப்பாராம்.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட. கண் விழித்ததும் நர்ஸ் என் கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி எதிர்ப்பக்கம் அழுத்திப் பார்த்தார். அது எல்5 நரம்புக்கான சோதனை. நான் தூக்கினேன். மயக்கம் தெளிந்ததும் காலில் இதுவரை இல்லாத மின்னல் வலியோ, பாதம் தொங்குவதோ, மரத்துப்போவதோ இருந்தால் அன்றைக்கே சி.டி. கேளுங்கள். "வீக்கம்தான், வடிஞ்சிடும்" என்ற பதிலோடு வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். பிசியோதெரபியில் என்னோடு வந்த ஒரு பெண்ணுக்கு இம்ப்ளான்ட் முனை நரம்பை உரசிக்கொண்டிருந்தது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சீக்கிரம் பார்த்திருந்தால் சுலபமாகப் பின்னால் இழுத்திருக்கலாம் என்றார்கள். எலும்பு பிடித்துவிட்ட பிறகு உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நான் பயந்து ஓடிய ஊன்றுகோல் காலம் ஆறு வாரம். வலது காலில் பதினைந்து கிலோவுக்கு மேல் பாரம் கூடாது. பதினைந்து கிலோ என்றால் எவ்வளவு என்று காலுக்கு எப்படித் தெரியும்? எடை பார்க்கும் கருவியில் வலது பாதத்தை மட்டும் வைத்து, முள் 15ஐத் தொடும் வரை அழுத்தி, அந்த அழுத்தத்தை மனப்பாடம் செய்தேன். காலையும் மாலையும் பத்து முறை. இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டுபோக முடியாது. மூடியுள்ள பாட்டிலும் குறுக்காக மாட்டும் ஒரு துணிப்பையும் என்னைக் காப்பாற்றின. தனியாக இருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முந்தைய வாரமே இதைச் செய்து வையுங்கள்: அன்றாடம் வேண்டிய பொருள் எல்லாம் இடுப்பு உயரத்தில், தரைவிரிப்புகள் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில், கழிப்பறை இருக்கைக்கு உயரம் கூட்டும் வளையம், பிடித்து எழ ஒரு கைப்பிடி, சார்ஜரும் மருந்தும் கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில். படுக்கையிலிருந்து எழும்போது முழங்கால்களைச் சேர்த்து, கட்டை உருள்வதுபோல உடம்பை மொத்தமாகத் திருப்ப வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், முக்கினால் உயிர் போகும், அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே போக வேண்டும். மற்றபடி கேட்க வெட்கப்படாதீர்கள். முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு தடவை என்னை வந்து பாருங்கள் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்க எனக்கு மூன்று நாள் ஆனது. அவர், "இதைக் கேக்கவா இவ்வளவு யோசிச்ச?" என்றார்.

இரண்டாம் மாதம் முன்பைவிட மோசமாகிவிட்டதோ என்று பயந்தேன். அறுத்துக்கொண்டு போன பிட்டத் தசை சுருங்கிப் போய், நடை கோணலாகி, இடுப்பின் மறுபக்கமும் வலித்தது. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று முடிவுகட்டி ஓர் இரவு முழுக்க அழுதேன். அது தசை வலி என்று பிசியோதெரபிஸ்ட் அழுத்திக் காட்டிப் புரிய வைத்தார். நாலாம் மாதத்திலிருந்து வாரா வாரம் வித்தியாசம் தெரிந்தது. இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. எட்டில் இருந்த வலி இரண்டு, மோசமான நாளில் மூன்று. ஐம்பது நிமிஷம் இரண்டு பிட்டத்திலும் சமமாக உட்காருகிறேன், அப்புறம் எழுந்து நடந்தாக வேண்டும். ஒரு வருஷ சி.டி.யில் மூன்று இம்ப்ளான்ட்டையும் ஒட்டி எலும்பு வளர்ந்திருக்கிறது, கறுப்புக் கோடு எங்கும் இல்லை. ஆபரேஷன் குறிப்பின் நகல், இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை, எல்லா ஸ்கேன் படங்கள் இவற்றை ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறொரு மருத்துவரிடம் போனாலோ எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தாலோ முதலில் கேட்பது அதைத்தான். டிஸ்ச்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள், பின்னால் அலைய வேண்டும்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது இடப்பக்கம் லேசாகக் குத்துவதைச் சொன்னேன். ஒரு பக்கம் பிடித்துக்கொண்டதும் சிலருக்கு மறுபக்கத்தில் பாரம் கூடுமாம். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, பட்டை போட்டுக்கொண்டு மூன்று மாதம் பயிற்சி செய்யச் சொன்னார், தேவைப்பட்டால் அந்தப் பக்கத்தையும் ஒருநாள் பார்க்கலாம் என்றார். "முதல்ல திரையைப் பார்த்து ரெண்டு ஊசி, டாக்டர். அப்புறம் பேசலாம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அதையே என் சீட்டில் எழுதினார்.